பில் இருக்கோ? – வாங்குவோர் கேள்வி-பதில்

தண்ணிப் பம்பு, மழைக்கோட்டு, தவணைக்கு எடுத்த போன் எல்லாம் அடுத்த முறை. இந்த முறை வந்த கடிதங்களில் புகைதான் கூட.

கேள்வி: பேஸ்புக்கில் பார்த்து 6,500 ரூபாவுக்கு வேப் (மின்சிகரெட்) ஒன்று எடுப்பித்தேன். காசை வங்கிக் கணக்குக்குப் போட்டேன், சாமான் கூரியரில் வந்தது. மூன்றாம் நாளே வேலை செய்யவில்லை. விற்றவர் என்னை புளொக் பண்ணிவிட்டார். நுகர்வோர் அதிகாரசபைக்கு முறையிடலாமா?
– கிளிநொச்சி

பதில்: முறையிடலாம் தம்பி. என்ன சாமான் என்று எழுதப் போகிறீர்? புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுக்கு இந்த நாட்டில் 2016 இலேயே தடை வந்துவிட்டது. விற்றவருக்குப் பெயர் இல்லை, கடை இல்லை, பில் இல்லை.

இந்த 'விலைக்கு இன்பொக்ஸ் வரவும்' கூட்டத்தைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். விலையை வெளியே போட என்ன பயம்? ஆளைப் பார்த்து விலை சொல்லத்தான். அப்படி இன்பொக்ஸ் விலைக்கு வாங்கின அரைக்கும் மெசின் ஒன்று எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. ஒரு நாளும் சம்பல் அரைத்ததில்லை. ஆனால் அரைக்கும் மெசினென்றால் சட்டம் என் பக்கம் நிற்கும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும். அதிகாரசபையின் 1977 இற்கு அழைத்துச் சொல்லலாம். தடைசெய்த சாமானைக் களவாக வாங்கிவிட்டு உத்தரவாதம் கேட்டால் யார் தருவது? 6,500 ஐ நன்கொடைக் கணக்கில் எழுதிவிடும்.

கேள்வி: மகனுக்குப் பதினேழு. அவனுடைய பாக்குக்குள் ஹைலைட்டர் பேனை மாதிரி ஒன்று. மாம்பழ வாசம் அடிக்குது. "இதில நிக்கொட்டின் இல்லை அம்மா, வெறும் பிளேவர்" என்கிறான். ரியூசனுக்குப் போகும் ஒழுங்கையில் வாங்கினதாம். என்ன செய்ய?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் அடிக்காதேங்கோ அம்மா. அடித்தால் அடுத்தது பாக்குக்குள் இருக்காது, வேறெங்கோ இருக்கும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வேப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கோ. 2% என்றோ 20 மி.கி. என்றோ பொடி எழுத்தில் இருந்தால் அது நிக்கொட்டின் அளவு; புகைக்கு அடிமையாக்குகிற பொருள் அதுதான். ஒரு மில்லிலீற்றரில் 20 மி.கி. என்று அர்த்தம். 2 மில்லிலீற்றர் கொள்கிற சிறிய சாமானிலேயே 40 மி.கி. வருகிறது. ஒரு சிகரெட் பிடித்தால் உடம்புக்குள் இறங்குவது 1, 2 மி.கி. தான். சிலவற்றில் 5% என்றும் இருக்கும்; அது இன்னும் மோசம். ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் நிக்கொட்டின் இல்லையென்று நம்பிவிடாதேங்கோ. ஒழுங்கையில் விற்கிற சாமானில் என்ன ஊற்றியிருக்கென்று விற்கிறவனுக்கே தெரியாது.

விற்றவனைப் பிடித்தால் "இதில் புகையிலை இல்லை, தடை புகையிலைக்குத்தான்" என்று சட்டம் கதைப்பான். நிக்கொட்டின் பெரும்பாலும் புகையிலையில் இருந்து பிரித்து எடுப்பதுதான். அந்த வாதத்தை அவன் நீதவானுக்கு முன்னால் வைக்கட்டும், படலையில் நின்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கோ. புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தில் பொலிசுக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் உள்ளது போல அவருக்கும் அதிகாரம் உண்டு. புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்திலும் சொல்லலாம். விட நினைக்கிற பிள்ளைக்கு ஆலோசனையும் அதிலேயே கிடைக்கும். மகனுடைய பெயரை இழுக்காமல் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கோ, அது போதும்.

இன்னொன்று. ஆத்திரத்தில் அதைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதேங்கோ. உள்ளே லித்தியம் பற்றரி இருக்கு, வெடிக்கும்.

கேள்வி: சிறிய கடை வைத்திருக்கிறேன். பள்ளிப் பொடியன்கள் வந்து "அப்பாவுக்கு" என்று சிகரெட் கேட்கிறார்கள். தகப்பன்மாரையும் தெரியும். கொடுக்காவிட்டால் கோபிக்கிறார்கள்.
– மாங்குளம்

பதில்: கோபிக்கட்டும் அண்ணை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் குற்றம். அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ என்று சட்டம் கேட்காது. மீசை முளைத்தவன் வந்து வயது காணும் என்றால் அடையாள அட்டையைக் கேளுங்கோ. அட்டை இருந்தாலே 21 ஆகிவிட்டதென்று எடுக்கவேண்டாம். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு; பழையதில் முதல் இரண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றே கணக்குப் பார்த்துவிடலாம். 21 இற்குக் குறைந்தவருக்கு விற்பதில்லை என்ற அறிவித்தலும் கண்ணில் படுகிற மாதிரித் தொங்கவேண்டும். அரிசி மூட்டைக்குப் பின்னால் தொங்கினால் சரிவராது.

கேள்வி: சுவிசிலிருந்து வரும் மச்சான் எனக்கு 'சூடாக்கிற சிகரெட்' மெசின் கொண்டுவாறாராம். எரிக்காதபடியால் பாதுகாப்பு, அமெரிக்காவே ஒத்துக்கொண்டுவிட்டது என்கிறார். அடுத்த மாதம் பலாலியால் சென்னைக்குப் போகிறேன், கொண்டுபோகலாமா?
– வவுனியா

பதில்: மச்சான் பாதியை வாசித்திருக்கிறார். சிகரெட் நுனி 600 பாகைக்கு மேலே எரிகிறது. இந்த மெசின் புகையிலையை 350 பாகை அளவில் சூடாக்குகிறது. சில நச்சுகள் குறையும், உண்மை. உள்ளே இருப்பது புகையிலைதான், நிக்கொட்டினும் அப்படியே. 2020 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஐகோஸ் என்ற மெசினுக்கு 'உடம்புக்குள் போகும் நச்சுப் பொருள்கள் குறைவு' என்று விளம்பரப்படுத்த விட்டது. 'நோய் வரும் ஆபத்துக் குறைவு' என்று சொல்ல விடவில்லை. விற்பனைக்காரர் முதல் வரியை மட்டும் சொல்வார்.

சென்னைக்கா? இந்தியாவின் 2019 மின்சிகரெட் தடைச் சட்டத்துக்குள் இந்தச் சூடாக்கிற மெசினும் அடக்கம். நாட்டுக்குள் கொண்டுவருவதே குற்றம்; முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் இந்திய ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். மச்சானிடம் சொக்கிலேற் கேளுங்கோ.

கேள்வி: சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் சிகரெட் பற்றவைத்தார். முதலாளியிடம் சொன்னால் "அவர் ஒவ்வொரு நாளும் வாற ஆள்" என்கிறார்.
– பரந்தன்

பதில்: மூடிய பொது இடத்தில் புகைத்தால் புகைத்தவரும் குற்றவாளி, பார்த்துக்கொண்டிருந்த முதலாளியும் குற்றவாளி. குறைந்தது 30 பேர் இருக்கக்கூடிய உணவகமென்றால் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம். உங்கள் மேசை அந்த இடமில்லை. அடுத்தமுறை எழும்பி வாங்கோ, சாப்பிட்டதற்கு மட்டும் காசைக் குடுத்துவிட்டு.

கேள்வி: கணவர் இல்லை, பெட்டிக்கடைதான் வருமானம். வானில் வந்த ஒருவர் "கொம்பனிச் சாமான், கழிவு விலை" என்று சிகரெட் பெட்டிகளைத் தந்தார். பிறகு சோதனைக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வழக்கும் போட்டுவிட்டார்கள். நான் என்னத்தைக் கண்டேன்?
– ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, உம்மில் எனக்குக் கோபம் இல்லை. வானில் வந்தவன் பிடிபட்டிருக்கவேண்டும். கடையைப் பூட்டிக்கொண்டு ஓடமுடியாத நீர் பிடிபட்டுவிட்டீர். எப்போதும் இப்படித்தான் நடக்கிறது, எனக்கு எரிச்சலும் அதில்தான்.

வழக்குத் திகதிக்குக் கட்டாயம் போம். வக்கீலுக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளும், வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது. வானின் நிறம், வந்த நாள், அவன் தந்த போன் இலக்கம், என்ன ஞாபகமோ எல்லாவற்றையும் இன்றைக்கே கொப்பியில் எழுதிவையும். அவனோடு கதைத்த வட்ஸ்அப்பை அழிக்கவேண்டாம்.

இனி யார் பெட்டி கொண்டுவந்தாலும் திருப்பிப் பாரும். முன்னும் பின்னும் 80 வீதத்துக்கு நோய்ப் படமும் எச்சரிக்கையும் இருக்கவேண்டும். 2015 முதல் அதுதான் விதி. படம் இல்லாமல் தங்க எழுத்தில் மினுங்கினால் அது களவாக இறங்கினது. பெட்டி சரியென்றாலும் பில் இல்லாமல் ஒன்றையும் இறக்கவிடாதேயும். பில் புத்தகத்தை எடுக்கச் சொன்னதும் வானை ஸ்ராட் பண்ணுகிறவன்தான் இவன்.

கேள்வி: பெட்டியில் அந்தப் படத்தைப் பார்த்தால் சாப்பாடு இறங்குதில்லை. படம் இல்லாத பெட்டி எங்கே எடுக்கலாம்?
– மல்லாவி

பதில்: ஒட்டுசுட்டானுக்கு வந்த வானில் இருந்திருக்கும்.