பக்கத்தில் 2 ஸ்டார், 70 மைல் தள்ளி 5 ஸ்டார்: அம்மாவை எந்த நர்சிங் ஹோமில் சேர்ப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. அமெரிக்காவில் மேற்கு கான்சாஸில் ஒரு சின்ன கவுன்ட்டியில் (மாவட்டம் மாதிரி) டாக்டராக இருக்கும் அக்காவோடு இருக்கிறார். பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, விச்சிட்டாவில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை உண்டு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஒரிஜினல் மெடிகேர் இருக்கிறது, ஏ, பி பகுதிகள் இரண்டுமே. 'ரெண்டு நாளில் நர்சிங் ஹோமை முடிவு பண்ணுங்கள்' என்று ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அக்கா ஊரில் இருப்பது ஒன்றே ஒன்று, அரசு இணையதளத்தில் அதற்கு 2 ஸ்டார். 70 மைல் தள்ளி 5 ஸ்டாரில் ஒன்று இருக்கிறது. நடுவில் 'இலவச ஆலோசகர்' ஒருவர் ஃபோன் செய்து, நான் இருக்கும் டாலஸுக்கே கூட்டி வந்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அக்கா ஊரிலேயே சேருங்கள். ஸ்டாரை நம்பி 70 மைல் தள்ளிக் கொண்டுபோய் விடாதீர்கள்.

நர்சிங் ஹோமில் ஒருவருக்கு நல்ல கவனிப்பு கிடைப்பதற்குப் பெரிய காரணம், வீட்டு மனிதர்கள் அடிக்கடி வந்து போவதுதான். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டும். காலையில் ஒரு நாள், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் என்று உங்கள் அக்கா எட்டிப் பார்த்தால், குதிகாலில் தோல் சிவந்திருப்பது புண்ணாகும் முன்பே தெரிந்துவிடும். 70 மைல் தள்ளி இருந்தால் வாரம் ஒரு தடவை போவதே பெரிய விஷயம். ஜனவரியில் பனிப்புயல் வந்தால் ஐ-70 நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள், அதுவும் கிடையாது.

சரி, 2 ஸ்டார் என்கிறார்களே? அந்த ஸ்டார் எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு அடிப்படை மாநில அதிகாரிகள் நடத்தும் சோதனை. அந்தச் சோதனையின் ஸ்டாரை மாநிலத்துக்குள்ளேயே ஒப்பிட்டுப் பிரிக்கிறார்கள்: மேலே உள்ள 10 சதவீதத்துக்கு 5 ஸ்டார், கீழே உள்ள 20 சதவீதத்துக்கு 1 ஸ்டார், மீதி நடுவில். எல்லா இல்லமும் நன்றாக நடந்தாலும் யாராவது ஒருவர் 1 ஸ்டாரில் இருந்தே தீர வேண்டும். இன்னொரு பங்கான 'தர அளவீடுகள்' பகுதியில் பல கணக்குகள் இல்லமே எழுதிக் கொடுப்பவை. அதை நான் பார்ப்பதே இல்லை. மொத்த ஸ்டாரை விட்டுவிட்டு ஊழியர் பகுதியைத் திறந்து பாருங்கள். அது சம்பளப் பதிவேட்டிலிருந்து வருவதால் அதில் கதை விடுவது கஷ்டம். சனி ஞாயிறில் ஒரு ஆளுக்கு எத்தனை மணி நேர நர்ஸ் கவனிப்பு, ஒரு வருடத்தில் எத்தனை சதவீதம் ஊழியர்கள் வேலையை விட்டார்கள், இந்த இரண்டும் போதும்.

அப்புறம் அக்காவை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போகச் சொல்லுங்கள். வாசல் பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: அன்றைக்கு எத்தனை ஆர்.என். (முழுத் தகுதி பெற்ற நர்ஸ்), எத்தனை எல்.பி.என். (அதற்கு அடுத்த நிலை நர்ஸ்), எத்தனை உதவியாளர்கள், ஷிஃப்ட் வாரியாக. தினமும் அதை ஒட்ட வேண்டும் என்பது சட்டம். தேதி பழையதாக இருந்தால் அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கடைசிச் சோதனை அறிக்கையையும் யாரையும் கேட்காமலே எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஒரு எழுத்து இருக்கும். ஏ முதல் எஃப் வரை என்றால் யாருக்கும் நிஜமான பாதிப்பு வந்ததாகக் காணாத குறை. ஜி, எச், ஐ என்றால் யாருக்கோ நிஜமாகவே பாதிப்பு வந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கே ஆபத்து. இந்த ஊர் இல்லத்தின் 2 ஸ்டார், இ, எஃப் எழுத்துகள் சேர்ந்து வந்ததா, ஜே ஒன்றால் வந்ததா என்று பாருங்கள். ஜே இருந்தால் என்னை மறந்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.

சாப்பாட்டையும் கேட்டே ஆக வேண்டும். அம்மா சைவம் என்றால், 'வெஜிடேரியன் உண்டு' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கத்துச் சமையலறையில் பீன்ஸில் பேக்கன் போடுவார்கள், உருளைக்கிழங்கு மசியலின் மேல் ஊற்றும் கிரேவி இறைச்சிச் சாறு, ஜெல்லோவில் ஜெலட்டின். மதிய டிரேயைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்தால் எங்கே வைப்பார்கள், யார் சூடுபண்ணி ஊட்டுவார்கள் என்றும் கேளுங்கள்.

உடனே நர்சிங் ஹோமுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமலும் இருக்கலாம். கிராமப்புறத்துக்கென்று ஒரு வசதி இருக்கிறது, ஸ்விங் பெட் என்பார்கள். 25 படுக்கைக்கு மேல் இல்லாத 'கிரிட்டிகல் ஆக்சஸ்' ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை, தங்கள் படுக்கையையே நர்சிங் ஹோம் படுக்கை போலப் பயன்படுத்த அனுமதி வைத்திருக்கின்றன. கான்சாஸில் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் சுமார் 80. இவை மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் கான்சாஸும் ஒன்று. உங்கள் அக்கா வேலை செய்வதே அப்படிப்பட்ட ஓர் ஆஸ்பத்திரியாக இருக்க வாய்ப்பு அதிகம். அம்மா விச்சிட்டாவிலிருந்து நேராக அங்கே வந்து சில வாரம் நடைப் பயிற்சி எடுக்கலாம். செலவை, நர்சிங் ஹோமுக்கு உள்ள அதே விதியில் மெடிகேர் ஏற்கும். விச்சிட்டாவில் கொடுத்த பட்டியலில் இது இல்லாமல் இருக்கலாம், நர்சிங் ஹோம் இணையதளத்திலும் வராது. கேட்டால்தான் கிடைக்கும். இன்றைக்கே ஃபோன் செய்து 'ஸ்விங் பெட் காலியா' என்று கேளுங்கள். அங்கே கழிக்கும் நாட்களும், நர்சிங் ஹோமுக்கு மெடிகேர் தரும் அதே 100 நாள் கணக்கில்தான் கழியும், தனிக்கணக்கு இல்லை. தினமும் நர்ஸ் கவனிப்போ பயிற்சியோ தேவைப்படும் வரைதான் வைத்திருப்பார்கள், நிரந்தரமாக அல்ல. ஆனால் அந்த சில வாரத்தில் அம்மா எழுந்து நடப்பாரா, வீட்டுக்கே வர முடியுமா என்று தெரிந்துவிடும். ஆயுளுக்கும் எங்கே இருப்பது என்ற முடிவை ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் எடுக்கச் சொல்வது அநியாயம். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை காலியாக வேண்டும், அதுதான் அவர்கள் அவசரம். டிஸ்சார்ஜ் சீக்கிரம் என்று தோன்றினால், அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய மெடிகேர் அறிவிப்புத் தாளில் மேல்முறையீட்டு எண் இருக்கும். டிஸ்சார்ஜ் நாள் முடிவதற்குள் கூப்பிட்டால், மேல்முறையீட்டை விசாரிப்பவர்கள் முடிவு சொல்லும் வரை படுக்கைக்குத் தனியாகப் பணம் கட்டாமல் அங்கேயே இருக்கலாம்.

இந்தச் செலவில் மெடிகேர் எதையும் ஏற்பதற்கு, பொதுவாக ஆஸ்பத்திரியில் தொடர்ந்து மூன்று நாள் 'இன்பேஷன்ட்' (முறையாக அட்மிட் ஆனவர்) ஆக இருந்திருக்க வேண்டும். 'அப்சர்வேஷன்', அதாவது அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் மட்டும் என்று எழுதி வைத்த நாள் சேராது. கட்டில் அதே கட்டில், நர்ஸ் அதே நர்ஸ், காகிதத்தில் ஒரு வார்த்தைக்காகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் டாலர் கட்டுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் 20 நாள் இலவசம், 21-ம் நாளிலிருந்து தினம் 200 டாலருக்கு மேல் உங்கள் பங்கு, 100 நாளுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இப்போது அந்த இலவச ஆலோசகர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது இல்லங்கள். ஆள் சேர்ந்தால் கமிஷன், பல சமயம் ஒரு மாத வாடகை அளவுக்கு. கமிஷன் தராத கிராமத்து இல்லம் அவர் பட்டியலில் வரவே வராது, அதனால்தான் பெரிய நகரத்துக்கே இழுக்கிறார். அவர் காட்டுவது பெரும்பாலும் நர்சிங் ஹோமாகவே இருக்காது. 'அசிஸ்டட் லிவிங்' ஆக இருக்கும், அன்றாட வேலைகளுக்கு உதவி தரும் முதியோர் குடியிருப்பு அது. அதற்கு மெடிகேர் தங்கும் செலவு தராது, அரசின் ஸ்டாரும் கிடையாது. இருவர் பிடித்துத் தூக்க வேண்டிய நிலையில் உள்ள அம்மாவை முதலில் சேர்த்துக்கொண்டு, இரண்டே மாதத்தில் 'எங்களால் முடியாது' என்பார்கள். உங்கள் நம்பரைக் கொடுத்திருந்தால், இனி அழைக்க வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே இலவசமாக உதவ ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சிங் ஹோம் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், அங்கே இருப்பவர்களின் புகார்களைக் கேட்கும் அதிகாரி. அந்த இல்லத்தைப் பற்றி என்ன புகார் வந்திருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.

சேர்க்கும் நாளில் ஒரு கட்டுக் காகிதம் நீட்டுவார்கள். அதில் 'ரெஸ்பான்சிபிள் பார்ட்டி' (பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் நீங்களோ அக்காவோ வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகள் சொந்தப் பணத்துக்கு ஜாமீன் நின்றால்தான் சேர்ப்போம் என்று சொல்ல மத்தியச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி, அம்மாவின் பெயரை எழுதி, அவருடைய ஏஜென்ட் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். 'ஆர்பிட்ரேஷன்' தாளில் கையெழுத்தே வேண்டாம். நீதிமன்றம் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கும் தாள் அது. போட்டால்தான் அனுமதி என்று கட்டாயப்படுத்தக் கூடாது, தெரியாமல் போட்டிருந்தாலும் 30 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

நீண்ட காலம் இருக்க நேர்ந்தால் மெடிகெய்டு, அதாவது வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம், அதன் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். அதற்கு ஐந்து வருடக் கணக்கைப் புரட்டுவார்கள். நம் ஊரில் அம்மா பெயரில் இருக்கும் வீட்டையும் நிலத்தையும் சொல்லியாக வேண்டும். அண்ணன் தம்பி பெயருக்கு இப்போதே எழுதி வைத்தால் போதும் என்று உறவில் யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். எதையும் மாற்றும் முன் கான்சாஸிலேயே முதியோர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.