ஹவுஸ்மேன் வாழ்க்கை: கேளுங்க, சொல்றேன்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல வளந்தவ நான், அம்மா பால்வெட்டு. ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர் வேலைய முடிச்சு இப்ப எம்ஓவா, மெடிக்கல் ஆபீசரா இருக்கேன். நம்ம பிள்ளைங்க அனுப்புன கேள்விக்கெல்லாம் பதில் இதோ.

கேள்வி: அக்கா, ஹவுஸ்மேன் எவ்ளோ காலம்?

ரெண்டு வருஷம்மா. 2008க்கு முன்ன ஒரு வருஷந்தான். 6 டிபார்ட்மெண்ட், ஒவ்வொண்ணும் 4 மாசம், அத முடிச்சாதான் எம்எம்சியில, அதாவது மலேசிய மருத்துவ மன்றத்துல, முழுப் பதிவு.

கேள்வி: மகன் டாக்டருக்குப் படிக்கறான், கான்ட்ராக்ட்னு சொல்றாங்களே, பயமா இருக்கு.

பயம் நியாயந்தான் அண்ணே. 2016 டிசம்பர்லருந்து புதுசா வர்ற டாக்டருங்கள நிரந்தர வேலையில இல்லாம கான்ட்ராக்ட்லதான் எடுத்தாங்க, நானும் அப்படி வந்தவதான். 2021 ஜூலை 26 கான்ட்ராக்ட் டாக்டருங்க ஹர்த்தால் நடந்ததே இதுக்காகத்தான். ஆனா அவனுக்கு ஆச இருந்தா தடுக்காதீங்க.

கேள்வி: டாக்டர், நான் இப்ப டேக்கிங்ல, புது டிபார்ட்மெண்ட்ல சீனியர் பின்னாடியே சுத்தி வேல கத்துக்கற ஆரம்ப நாள்ல இருக்கேன், திட்டு வாங்கியே செத்துடுவேன் போல. நீங்க தப்பு பண்ணதுண்டா?

உண்டு தம்பி. டெங்கு கேஸ், அஞ்சாவது நாள், காய்ச்சல் விட்டிருச்சு, நான் நல்லாயிட்டாருன்னு நெனச்சுட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மிஸ்ஸி, நர்ஸுதான், வந்து "டாக்டர், வயிறு வலிக்குதுங்கறாரு, எம்ஓவக் கூப்புடுங்க"ன்னாங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னதான் அந்த எம்ஓகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதனால ஃபோன கையில வச்சுக்கிட்டு அர மணி நேரம் தயங்கி நின்னேன். டெங்குல காய்ச்சல் விடற நேரந்தான் ஆபத்தே, ரத்தக்குழாய்லருந்து தண்ணி கசிஞ்சு பிரஷர் இறங்கிடும். அவரு பொழச்சாரு, அந்த அர மணி நேரத்த நான் இன்னும் மறக்கல. திட்டு விழுந்தா விழட்டும், கூப்புடு. தூக்கமே வரலன்னா, அழுகையா வந்தா, நம்பிக்கையான ஒரு சீனியர்கிட்ட இன்னைக்கே பேசு, தனியா வச்சுக்காத தம்பி.

கேள்வி: அப்ப சந்தோஷமே இல்லையா அக்கா?

ஏன் இல்ல! தோட்டத்து லயத்து வீட்லருந்து ஒரு தாத்தா, கால் புண்ணோட வந்தாரு. மலாய்ல என்ன சொன்னாலும் "பாய்க் டாக்டர், பாய்க்"ன்னு, சரி சரின்னு தலையாட்டுவாரு. வார்டுல மிஸ்ஸி இன்சுலின் போட்டா சுகர் இறங்குது, அதே அளவு வீட்ல போட்டா ஏறுது, எல்லாரும் தாத்தா ஊசியே போடறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து, "தாத்தா, வீட்ல எப்படிப் போடுவீங்க, காட்டுங்க"ன்னேன். பேனா ஊசிக்கு ரெண்டு மூடி, வெளி மூடியக் கழட்டிட்டு உள்மூடியோடயே வயித்துல வச்சு அமுக்குனாரு! மாசக்கணக்கா மருந்து உள்ளயே போகல, யாரும் கேக்கவுமில்ல. அடுத்த தடவ கிளினிக்ல என்னப் பாத்ததும் சட்டப்பையிலருந்து ரெண்டு மூடியயும் எடுத்து உள்ளங்கையில வச்சுக் காட்டுனாரு.