மாதச் சந்தாவா, ஒருமுறை விற்பனையா?

சந்தா வருமானம் ஒருமுறை விற்பனையைவிட மேலா என்று கேட்டிருந்தீர்கள். மேல்தான், வாடிக்கையாளர் தங்கினால். ஒருமுறை விற்றால் பணம் அன்றே கைக்கு வரும். அடுத்த மாதம் மறுபடி ஆள் தேட வேண்டும். சந்தாவில் ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க நீங்கள் போட்ட காசு திரும்பவே பல மாதம் ஆகும், ஆனால் அவர் தங்கும்வரை மாதாமாதம் வரவு உண்டு.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது விலகல் விகிதத்தைத்தான், அதாவது மாதாமாதம் நூற்றுக்கு எத்தனை பேர் சந்தாவை நிறுத்துகிறார்கள் என்பதை. மாதம் 5 சதவீதம் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 பேர் அடுத்த மாதம் 95, அப்புறம் 90 சொச்சம், ஒரு வருடத்தில் சுமார் 54 பேர்தான் மிச்சம். புது ஆட்களைச் சேர்ப்பதைவிட இதைக் குறைப்பதுதான் முதல் வேலை என்பேன்.

ஃபோட்டோஷாப் மென்பொருளைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013இல் சந்தாவுக்கு மாறியபோது பயனர்கள் கொதித்தார்கள். தினமும் தேவைப்படும் மென்பொருள் என்பதால் தாக்குப்பிடித்தது. எப்போதோ ஒருமுறை பயன்படும் பொருளென்றால், தயவுசெய்து நேரடியாக விற்றுவிடுங்கள்.