ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும்: தாராபுரம் மானாவாரிக்கு எந்தப் பட்டம்?

கேள்வி: தாராபுரம் பகுதியில் கரிசல் மானாவாரி நிலம் வைத்திருக்கிறேன். வால்பாறையில் மழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் எங்களுக்குக் காற்று மட்டுமே வீசுகிறது. ஆனியில் விதைத்த மக்காச்சோளம் இரண்டு ஆண்டுகளாகக் கதிர் பிடிக்காமல் காய்ந்துவிட்டது. பட்டத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆம், மாற்றத்தான் வேண்டும். உங்கள் நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குக் காற்று ஆனைமலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே மழையாக இறக்கிவிடுகிறது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களில் ஒன்றாக இருப்பது இதனால்தான். மலையைத் தாண்டிக் கிழக்கே சரியும் காற்றோ, ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் வெப்பமடைவதால், மேகம் கலைந்து, மண்ணிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும் வறட்காற்றாகிவிடுகிறது. இதனுடன், சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று பொள்ளாச்சிப் பக்கம் சாரலைத் தந்தாலும், உங்கள் பகுதியை எட்டும்போது அதில் வேகம்தான் மிஞ்சுகிறது. உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகியதற்கும் அந்த வேகமே காரணம்.

மக்காச்சோளம் விதைத்த 50 முதல் 60 நாட்களுக்குள் பூக்கும். தண்ணீர்ப் பற்றாக்குறையை அது சற்றும் தாங்காத பருவம் அதுவே. ஆனியில் விதைத்தால் அந்த நாட்கள் இந்த வறட்காற்றின் நடுவில் வந்து விழுகின்றன. மகரந்தம் உலர்ந்து, கதிர் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் பட்டிழைகளும் காய்ந்தபின் கதிரில் மணி பிடிக்க வழியில்லை. விதையையோ உரத்தையோ குறை சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் காற்று வங்கக்கடலிலிருந்து வருவதால், மேற்கே நிற்கும் மலை உங்களுக்கு வரும் மழையை மறிப்பதில்லை. ஆகவே புரட்டாசிப் பட்டமே உங்களுக்கு ஏற்றது. செப்டம்பர் கடைசியில் விதைத்தால் நவம்பர் மழையில் பயிர் பூக்கும். ஆனாலும் மக்காச்சோளத்தைவிட வறட்சியைத் தாங்கும் சோளத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மாடுகள் இருந்தால் அவற்றுக்குத் தீவனமாகச் சோளத்தட்டும் கிடைக்கும். சோள விதையைக் கடினப்படுத்தி, அதாவது ஊறவைத்து மீண்டும் நிழலில் உலர்த்தி, மழைக்கு முன்பே 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்துவிடலாம். சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாமல் நல்ல மழைக்கே அது முளைக்கும்.

ஆடிப் பட்டத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு கால்வாய்ப் பாசனமோ கிணற்று நீரோ உள்ளவர்கள் அதைத் தாராளமாகப் பின்பற்றலாம். நீங்கள் அந்த மாதங்களில் சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்புகளை உயர்த்தி, வரும் மழை நிலத்திலேயே தங்க வழிசெய்யுங்கள். பருவமழை தாமதித்து அக்டோபர் பாதி கடந்துவிட்டால் மக்காச்சோளத்தைக் கைவிட்டு, கரிசல் ஈரத்திலேயே விளையும் கொண்டைக்கடலையை விதையுங்கள்.