பக்கவாதம் வந்த கைக்கு ரோபோ கையுறை வாங்கலாமா?

அப்பாவுக்கு வலது பக்கம் வாதம் அடித்து நாலு மாதம், நடை வந்துவிட்டது, கை மட்டும் வரவில்லை, ஆன்லைனில் விற்கும் காற்றுக் கையுறையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று பாருங்கள். அவர் முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். யாரும் தொடாமல் அவராகவே மணிக்கட்டைத் தூக்க முடிகிறதா? விரல்கள் கொஞ்சமாவது விரிகின்றனவா? வாங்குவதா வேண்டாமா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நான் காரைக்குடியில் பிசியோதெரபிஸ்ட். பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தப் பக்கம் கையுறை எப்படி வருகிறது தெரியுமா? மகன் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். அத்தனை பெரிய வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும், சமையலுக்கு வரும் அக்காவும் மட்டும். பார்சல் வரும். "போட்டுக்கிட்டீங்களா அப்பச்சி?" என்று வீடியோ காலில் மகன் கேட்பார். அப்பச்சியும் கையை அதற்குள் கொடுத்துவிட்டு, பட்டாசாலையில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பார். கை தன்பாட்டில் மூடும், திறக்கும்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது சின்ன காற்றுப் பம்பு. விரல்களின் முதுகில் ஓடும் மடிப்புக் குழாய்களில் காற்று ஏறினால் விரல் மடங்கும், காற்றை உறிஞ்சினால் நீளும். மூட்டு இறுகிப்போகாமல் இருக்க இது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் கை ஏற்கெனவே முஷ்டியாக இறுகியிருந்தால், உறிஞ்சும் விசை பெரும்பாலும் அதைத் திறக்கப் போதாது. கட்டைவிரல் எதிரே வந்து பிடிக்கும் அசைவும் சரியாக வராது. பிடிமானத்துக்கு அதுதானே வேண்டும்? இதற்கெல்லாம் மேலே, அசைப்பது பம்பு, அப்பச்சி இல்லை. 'விரலே நீளு' என்று மூளை தானே முயன்று, திரும்பத் திரும்ப முயன்றால்தான் புதிய நரம்பு வழி பிடிபடும்.

அந்தத் திரும்பத் திரும்ப என்பதில்தான் நாங்களும் கோட்டை விடுகிறோம். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க, கனடிய ஆய்வில், ஒரு பயிற்சி வேளையில் கையால் செய்யும் வேலைப் பயிற்சி சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தது. விலங்குச் சோதனைகளில் மூளை மாறுவதற்கு நூற்றுக்கணக்கில் செய்ய வைக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நல்ல ஆதாரம் உள்ள கையுறை நல்ல கைக்குப் போடுவது! நன்றாக இருக்கும் கையை உறைக்குள் பூட்டி, பாதித்த கையாலேயே வேலை செய்ய வைக்கும் முறை அது. 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரைச் சேர்த்தார்கள். இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் ஓராண்டுக்குப் பிறகும் மற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள். உங்கள் அப்பா அந்தக் கால அளவுக்குள்தான் இருக்கிறார். ஆனால் மணிக்கட்டு சுமார் 20 பாகை, விரல்கள் 10 பாகையாவது தானாக நீள வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மேசைச் சோதனை கேட்டது இதற்காகத்தான். பிசியோவைக் கேட்டே ஆரம்பியுங்கள். கம்பு ஊன்றி நடக்கும்போது நல்ல கையைப் பூட்டவே கூடாது.

அசைவு கொஞ்சம் இருந்தால் சென்சார் கையுறையும் நல்லது. கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் பிறந்த மியூசிக் குளோவ், திரையில் ஓடும் பாட்டுக்கு ஏற்பக் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடச் சொல்கிறது. தொடுவது நோயாளிதான், கையுறை எண்ணிக்கை மட்டும் வைக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக இயற்பியலாளர்களும் 2022இல் முப்பரிமாண அச்சில் செய்த கையுறை ஒன்றை அறிவித்தார்கள். இவை கைக்கு எட்டாவிட்டால் பல்லாங்குழியை எடுங்கள். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழியில் போடுவதும் அதே விரல் வேலைதான், பேத்தி எதிரே உட்கார்ந்தால் எண்ணிக்கை தானாக ஏறும்.

அசைவே இல்லையா? கண்ணாடிப் பயிற்சியைக் கேளுங்கள். நம்மூர் நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் வலிக்காக 1990களில் கொண்டுவந்தது, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கையையும் அசைக்க முயல வேண்டும். முகப்பில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடியை இறக்க வேண்டாம், மேசைமேல் நிறுத்தி வைக்கிற மாதிரி ஒன்று போதும்.

விலை கூடினால் பலன் கூடும் என்றும் நினைக்காதீர்கள். பிரிட்டனில் 770 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு ரோபோவால் கைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கையுறை அல்ல, பெரிய இயந்திரம். 2019இல் வந்த முடிவு: வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறன் கூடவில்லை.

எண்ணெய் போட்டு நீவுகிறேன் என்று யாராவது தோளைப் பிடித்து இழுத்தால் தடுத்துவிடுங்கள், வாதம் அடித்த தோள் எளிதில் இறங்கிவிடும். முஷ்டி மிகவும் இறுகியிருந்தால் கையுறைக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், இறுக்கத்துக்கு ஊசி உண்டு. பயிற்சிக்கு ஆள் கிடைக்காத ஊரென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு காற்றுக் கையுறையே வேண்டுமென்றால், திருப்பி அனுப்ப முடிகிற கடையில், கையை அளந்து வாங்குங்கள். அது மூடித் திறக்கும்போது அப்பாவும் கூடவே முயல வேண்டும், டிவியை அணைத்துவிடுங்கள். சுகர் இருந்தால் கழற்றியதும் பட்டை அழுத்திய இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி குறைந்த கை, வலித்தாலும் அவருக்குத் தெரியாது.