படத்தின் அடியில் 2024 என்று இருந்தால், அது 2024-இல் எடுத்த படமா?

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலம் வாங்க, பண்ணை அளக்க, வீடு கட்ட என்று எதற்குப் போனாலும் யாரோ ஒருவர் சாட்டிலைட் படத்தையோ ட்ரோன் படத்தையோ நீட்டிவிடுகிறார். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. அந்தப் படத்தோடு சேர்ந்து வரவேண்டிய விவரங்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கோணம், எந்த அளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கேள்வி: நான் கீழக்கரைக்காரன், துபாயில் வேலை. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் 40 சென்ட் விலைக்கு வருகிறது என்று தரகர் வாட்ஸ்அப்பில் சாட்டிலைட் படம் அனுப்பினார். மேடான வெற்று நிலமாகத் தெரிகிறது. அடியில் 2024 என்று போட்டிருக்கிறது. இப்போதைக்கு லீவு இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். முதலில் அந்த 2024. கூகுள் மேப்பின் அடியில், வட்டத்துக்குள் ஒரு எழுத்தோடு வரும் ஆண்டு பதிப்புரிமை ஆண்டு. நீங்கள் எந்த வருடம் பார்க்கிறீர்களோ அந்த வருடத்தையே அது காட்டும். படம் எடுத்தது நான்கு வருடத்துக்கு முன்பாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் ப்ரோ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் இடத்தின் மேல் மவுஸை வைத்தால் படம் எடுத்த தேதி கீழே வரும். ஒரே ஊரின் கிழக்குப் பக்கம் ஒரு தேதியிலும் மேற்குப் பக்கம் வேறு தேதியிலும் எடுத்ததாக இருக்கும். பல படங்களை ஒட்டித்தான் அதைச் செய்கிறார்கள். எனவே ஊருக்கான தேதி போதாது, உங்கள் 40 சென்டுக்கான தேதியைப் பாருங்கள்.

நம் ஊரில் ஆண்டைவிட மாதம்தான் முக்கியம். சித்திரை, வைகாசியில் எடுத்த படத்தில் கண்மாய் உள்வாய், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பகுதி, வெற்றுப் பொட்டலாகத்தான் தெரியும். அதே இடம் மார்கழியில் தண்ணீருக்குள் இருக்கும். எங்கள் குடும்பத்திலேயே கோடையில் பார்த்து ஒரு இடம் வாங்கினார்கள். அடுத்த ஐப்பசி மழையில் வேலிக்கல்லின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அன்றைக்கு எங்கள் சித்தி முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை, கோடையில் காட்டினார், அவ்வளவுதான்.

எர்த் ப்ரோவில் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் மழைக்காலப் படம் கிடைக்காவிட்டால் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். 2015 முதல் எல்லாம் இலவசம். கோப்பர்நிக்கஸ் தளத்தில் கணக்கு மட்டும் திறக்க வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் மேல் வரும்படி அமைத்திருக்கிறார்கள். அதன் படத்தில் ஒரு புள்ளி (பிக்ஸல்) தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். உங்கள் இடம் பதினாறு புள்ளிகளில் அடங்கிவிடும். தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களில் இன்னும் பழைய படங்களும் கிடைக்கும், அவற்றை 2008 முதல் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் அதில் ஒரு புள்ளிக்குள்ளேயே 22 சென்ட் போய்விடும், உங்களுக்கு இரண்டு புள்ளிகூடத் தேறாது.

தேடும்போது ‘கிளவுட் கவர்’, அதாவது மேகம் மூடிய அளவு, என்று ஒரு சதவீதம் கேட்கும். பலர் 10-க்குக் கீழ் என்று போட்டுவிட்டு, படமே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சதவீதம் உங்கள் நிலத்துக்கானது அல்ல. சென்டினலில் சுமார் 110 கிலோமீட்டர் சதுரத்துக்கான கணக்கு அது. 5 சதவீத மேகம் உங்கள் இடத்தின் மேலேயே நிற்கலாம். 60 சதவீத மேகமும் கடல் பக்கம் ஒதுங்கி நிற்கலாம். கடற்கரைக்காரர்களுக்கு லேண்ட்சாட்டில் ஒரு நல்ல வசதி உண்டு. நிலத்தின் மேல் உள்ள மேகத்தை மட்டும் தனியாகக் கணக்கிட்டு, ‘கிளவுட் கவர் லேண்ட்’ என்று இன்னொரு வரி கொடுத்திருப்பார்கள். அதைப் பாருங்கள். மழை நின்று வானம் வெளுத்து, கண்மாய்கள் இன்னும் நிரம்பியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் தேடினால் நல்ல படம் அகப்படும். நேரம் 05:00 என்று இருந்தால் விடிகாலை என்று நினைக்க வேண்டாம். அது உலகப் பொது நேரம்; ஐந்தரை மணி கூட்டினால் காலை பத்தரை.

அப்புறம், ‘மேடான’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேலிருந்து எடுத்த தட்டைப் படத்தைக் கண்ணால் பார்த்து மேடு பள்ளம் சொல்ல முடியாது. படத்தில் எல்லாம் திருப்தியாக இருந்தாலும், அந்தப் புல எண்ணுக்கு வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கண்மாய் என்றோ நீர்நிலைப் புறம்போக்கு என்றோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கேள்வி: எங்களிடம் தொண்டி பக்கம் ஒரு இறால் பண்ணை இருக்கிறது. ‘50 சென்டிமீட்டர் துல்லியப் படம்’ என்று சொல்லி ஒருவர் ஜேபிஜி கோப்பாகக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டார். பெரிதாக்கினால் கலங்குகிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: படத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே சோதிக்கலாம். குளத்தில் ஓடும் ஏரேட்டர்கள் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவிகள்) தனித்தனியாகத் தெரிகின்றனவா? உண்மையான 50 சென்டிமீட்டர் படத்தில் ஒரு ஏரேட்டர் சில புள்ளிகளாவது பிடிக்கும். வரப்பே மங்கலாக இருந்தால் அது பெரிய புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் சின்னதாக வெட்டிய படம். ஒரு படத்தை எத்தனை சின்னப் புள்ளிகளாக வேண்டுமானாலும் வெட்டலாம், எடுக்கும்போது விழாத விவரம் அதில் வராது. அதனால் கோப்பின் புள்ளி அளவைக் கேட்காதீர்கள். எடுத்த நேரத்தில் தரையில் ஒரு புள்ளி எவ்வளவு என்று கேளுங்கள். விவரக் கோப்பில் ஜி.எஸ்.டி. என்று இருக்கும். வரி விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள், தரைப் புள்ளி அளவுக்கு அதுதான் சுருக்கம்.

அதற்கு அடுத்தபடி ‘ஆஃப் நாடிர்’ கோணம், அதாவது செயற்கைக்கோள் எவ்வளவு சாய்ந்து பார்த்தது என்பது. நேர் கீழே பார்த்து எடுத்தால் பூஜ்யம். சாய்ந்து எடுக்க எடுக்கத் துல்லியம் குறையும், உயரமான பொருள்கள் ஒரு பக்கம் படுத்தாற்போல் தெரியும். வேர்ல்ட்வியூ-3 செயற்கைக்கோள் நேர் கீழே 31 சென்டிமீட்டர் கொடுக்கும். 20 டிகிரி சாய்ந்தால் 34. பரப்பளவு கணக்கிட வாங்குகிறவர்கள் இந்தக் கோணம் என்ன என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

ஜேபிஜி மட்டும் கொடுத்தது தவறு. இடக்குறிப்போடு கூடிய ஜியோடிஃப் கோப்பும் அதன் விவரக் கோப்பும் சேர்ந்ததுதான் நீங்கள் வாங்கிய பொருள். பூமியில் இடத்தைக் குறிக்கும் முறை என்ன என்பதற்கு விவரக் கோப்பில் டபிள்யூ.ஜி.எஸ். 84, யூ.டி.எம். மண்டலம் 44 வடக்கு என்று இருக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அந்த மண்டலம்தான். 43 என்று இருந்தால் விளக்கம் கேளுங்கள். விற்றவர் ‘கம்பெனி ரகசியம்’ என்று தர மறுத்தால், சந்தேகப்பட அதுவே போதும். செயற்கைக்கோளின் பெயரிலும் எடுத்த தேதியிலும் ரகசியம் ஏதும் கிடையாது.

கேள்வி: கமுதி பக்கத்து நிலம். படத்தில் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. நல்ல விளைச்சல் நிலம் என்பதற்கு அதுவே சாட்சி என்கிறார் விற்பவர்.

பதில்: சிவப்பு என்றால் பச்சைத் தழை இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் முறை அது. கோடையிலும் காயாமல் நிற்கும் சீமைக்கருவேலம் அப்படித்தான் தெரியும். எடுத்தது பங்குனியா தையா என்று பாருங்கள். நெல் அறுத்த பிறகும் நிலம் சிவப்பாகவே இருந்தால் கருவேலமாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ‘பேண்ட் 4-3-2’ என்று (எந்த ஒளிப்பட்டைகளைச் சேர்த்து வண்ணம் கொடுத்தார்கள் என்பதற்கான எண்கள்) குறித்திருந்தால் செயற்கைக்கோள் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். லேண்ட்சாட் 5, 7 இரண்டிலும் 4-3-2 இந்தச் சிவப்புப் படம். லேண்ட்சாட் 8-இல் அதே எண்கள் இயல்பான வண்ணப் படம்.

கேள்வி: உச்சிப்புளி அருகே வீடு கட்டப்போகிறோம். மண் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று பார்க்க ட்ரோன் சர்வே எடுத்தோம். நிலத்தின் உயரம் மைனஸ் 89.4 மீட்டர் என்று அறிக்கை வந்திருக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழேயா இருக்கிறோம்? வீட்டில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள்.

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. உங்கள் நிலம் கடலுக்கு மேலேதான் இருக்கிறது.

பூமியை வழவழப்பான ஒரு முட்டை வடிவமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்துதான் ஜிபிஎஸ் உயரம் சொல்கிறது. உண்மையான கடல் மட்டம் அந்தப் பரப்போடு ஒட்டிப் போவதில்லை. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் கடலும் சில இடங்களில் ஏறியும் சில இடங்களில் இறங்கியும் நிற்கிறது. உலகத்திலேயே அது அதிகம் இறங்கி நிற்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர். அதற்குப் பக்கத்தில் இருப்பதால் நம் கரையிலும் கடல் மட்டமே அந்தக் கற்பனைப் பரப்புக்கு 90 மீட்டர் அளவுக்குக் கீழே இருக்கிறது. திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரம் ராமேசுவரத்தில் யார் வீட்டு வாசலில் எடுத்தாலும் மைனஸில்தான் வரும்.

அறிக்கையில் ‘வெர்டிகல் டேட்டம்’ என்ற வரியைத் தேடுங்கள், உயரத்தை எதிலிருந்து அளந்தார்கள் என்று அதில் இருக்கும். எலிப்சாய்டு (மேலே சொன்ன முட்டை வடிவம்) என்று இருந்தால் அது திருத்தாத கணக்கு. சராசரிக் கடல் மட்டத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த வரியே இல்லையென்றால் அறிக்கை முழுமையானது அல்ல. உங்கள் வேலைக்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அதே அறிக்கையில் வீட்டு முன் ரோட்டின் உயரத்தைப் பாருங்கள். ரோடு மைனஸ் 88.6 என்றால் உங்கள் நிலம் ரோட்டைவிட 80 சென்டிமீட்டர் பள்ளம். இந்த வித்தியாசம் திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் மாறாது.

ஆனால் சென்டிமீட்டர் கணக்கை நம்ப வேண்டுமானால், ட்ரோன் ஆர்.டி.கே. திருத்தத்தோடு (ஜிபிஎஸ் பிழையை உடனுக்குடன் சரிசெய்யும் முறை) பறந்திருக்க வேண்டும், அல்லது தரையில் குறிப் புள்ளிகள் வைத்து அளந்திருக்க வேண்டும். டி.ஜே.ஐ. கம்பெனி ட்ரோன் என்றால் ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் ‘ஆர்.டி.கே. ஃபிளாக்’ என்று ஒரு எண் இருக்கும். 50 என்றால் திருத்தம் சரியாகப் பிடித்திருக்கிறது. 16 என்றால் சாதா ஜிபிஎஸ்தான். அதன் உயரக் கணக்கு மீட்டர் கணக்கில் பிசகும்.

உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம் இருக்கிறது. அந்தப் பக்கம் ட்ரோன் விடுவதற்கு முன் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று ஆபரேட்டரையே காட்டச் சொல்லுங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது.

கேள்வி: ஏர்வாடியில் ஒரு மனை. படத்தில் அளந்தால் கடலிலிருந்து 220 மீட்டர் வருகிறது. கடற்கரை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 200 மீட்டரைத் தாண்டிவிட்டோம்தானே?

பதில்: படத்தில் தெரிவது அந்த நொடியில் தண்ணீர் நின்ற இடம். சட்டம் சொல்வது உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து. அது படத்தைப் பார்த்து நாம் போடும் கோடு அல்ல, அங்கீகரித்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் இருக்கும் கோடு. கடல் ஏறி இறங்கும் கழி ஏதாவது மனைக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் கரையிலிருந்தும் தனியாகக் கட்டுப்பாடு உண்டு. 20 மீட்டர் என்பது சென்டினலில் வெறும் இரண்டு புள்ளி. அதை நம்பி வீட்டுக்கு அஸ்திவாரம் போட முடியாது.

கேள்வி: தேவிபட்டினத்தில் தோப்பு அளக்க ட்ரோன்காரருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினார். அவற்றில் தேதியும் இல்லை, இடக்குறிப்பும் இல்லை. மூலப் படங்களைக் கேட்டால் தர மறுக்கிறார்.

பதில்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, உள்ளே இருந்த விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வரும். அவர் அது தெரியாமலும் செய்திருக்கலாம். முதலில் அப்படி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவ் கொடுத்து வாங்குங்கள்.

அப்படியும் மறுத்தால், என்னென்ன தருவதாகப் பேசினீர்கள் என்பதை வைத்து எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ரசீது, ஜிபே பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் முடியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மேலே கேட்ட தொண்டிக்காரருக்கும் இது பொருந்தலாம். ஆனால் பண்ணை பெரிய வியாபாரமாக இருந்தால் ‘நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த் தரப்பு வாதிடும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் பண்ணை என்பதைக் காட்ட லைசென்ஸையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.