பழைய காரின் டிக்கி மூடி தானாக நிற்க, கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தால் மூடியைத் தள்ளித் தாங்கும் உருளை) போடலாமா?

போடலாம். ஆனால் 'வலுவானதாக இருக்கட்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். பழைய கார்களில் கீல் மாட்டியிருக்கும் தகடு மெல்லியது, உள்ளே துருவும் இருக்கலாம். ஸ்ட்ரட் அதிகமாகத் தள்ளினால் மூடி முறுக்கிக்கொள்ளும், விளிம்பில் இடைவெளி கோணலாகும்.

விசையைக் கணக்கிட்டே வாங்குங்கள். மூடி 15 கிலோ, முழுதாகத் திறந்த நிலையில் அதன் எடைமையம் கீலிலிருந்து கிடைமட்டமாக 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடி கீலைச் சுற்றிக் கீழே இறங்கப் பார்க்கும் திருப்புவிசை 15 × 9.81 (புவியீர்ப்பு) × 0.4 = சுமார் 59 நியூட்டன் மீட்டர். கீலிலிருந்து ஸ்ட்ரட்டின் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 12 செ.மீ. என்றால், 59 ÷ 0.12 ÷ 2, அதாவது இரண்டு ஸ்ட்ரட்டில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 245 நியூட்டன். குளிரில் உள்ளிருக்கும் நைட்ரஜனின் அழுத்தம் குறையும், அதனால் பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டி 280 அளவில் எடுக்கலாம். ஸ்பாய்லர் இருந்தால் அதையும் சேர்த்து எடை போடுங்கள்.

மூடிய நிலையில் ஸ்ட்ரட்டுக்குக் கிடைக்கும் இடம், அது முழுதாகச் சுருங்கிய நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடியை அழுத்தும்போது தகடுதான் வளையும். மூடியபோது ஸ்ட்ரட்டின் தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போது உள்ளிருக்கும் எண்ணெய், வாயு கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். பிராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு பட்டைத் தகடு வைத்து போல்ட் போடுங்கள்.

இதுவரை மூடியைத் தூக்கிவிட்ட பழைய டார்ஷன் பாரைக் கழற்றும்போது மூடிக்குக் கட்டாயம் முட்டுக் கொடுங்கள். அது முறுக்கேறி நிற்கும் கம்பி, நழுவினால் விரலைப் பதம் பார்த்துவிடும். கழற்றியதைத் தூக்கி எறிய வேண்டாம், காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.